ஃபேஷியல் செய்து இரண்டாம் நாள் முகம் வீங்கினால்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த வகையில் திருப்பிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பார்லரில் பிளீச்சும் ஃப்ரூட் ஃபேஷியலும் செய்துகொண்டீர்கள். பிளீச் போட்டபோது எரிந்தது, அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. சனிக்கிழமை முகம் நன்றாகவே இருந்தது. ஞாயிறு காலை எழுந்தால் இரண்டு கண்ணிமையும் வீங்கி, கன்னமும் நெற்றியும் பொடிப்பொடியாகத் தடித்து, அரிப்பு தாங்கவில்லை. பார்லரில் "உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருது, இன்னொரு சிட்டிங் வந்தா சரியாயிடும்" என்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மஞ்சளும் சந்தனமும் பூசச் சொல்கிறார். அடுத்த ஞாயிறு தங்கை கல்யாணம். எந்த க்ரீம் போடலாம் என்று கேட்கிறீர்கள். இது என்ன, எப்போது அடங்கும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எதனால் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் உங்களுக்குப் பயன்படப்போவது அந்தக் கேள்வியின் பதில்தான்.

அதற்கு முன் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். உதடு, நாக்கு வீங்குவது, தொண்டை அடைப்பது, குரல் மாறுவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்காமல் 108-ஐ அழையுங்கள். அது உடல் முழுவதையும் தாக்கும் ஒவ்வாமை. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. அந்த ஒவ்வாமை பெரும்பாலும் பொருள் பட்ட சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் ஓரிரு மணி நேரத்தில் வரும். ஒன்றரை நாள் தாண்டித் தொடங்கிய உங்களுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் கண்ணுக்குள் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் சூடாகி வலியோடு பரவும் வீக்கம், சீழ், தேன் நிறத்தில் காயும் பொருக்கு, கொத்துக் கொத்தாக வலிக்கும் நீர்க்கொப்புளம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இவை கிருமித் தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். கொத்துக் கொப்புளம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால், அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு பூசுவது அதை முகம் முழுக்கப் பரப்பிவிடும்.

இனி, இது என்ன? ஃபேஷியலுக்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் நாம் அலர்ஜி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நாலைந்து வேறு வேறு சங்கதி. அவற்றைப் பிரித்துக் காட்டுவதில் கடிகாரம் நல்ல துணை. பூசிய சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொசு கடித்தது போன்ற தடிப்புகள் எழும்பி, ஒரு நாளுக்குள் தடமில்லாமல் மறைந்தால் அது உடனடி ஒவ்வாமை. பச்சைப் பப்பாளி என்ஸைம், சில பிளீச் பவுடர்களில் இருக்கும் அமோனியம் பெர்சல்பேட் போன்றவை இதைச் செய்யும். பூசும்போதே எரிந்து, அன்றைக்கே சிவந்து, அரிப்பைவிட எரிச்சல் அதிகமாக இருந்து, தொடுவதை நிறுத்தியதும் குறையத் தொடங்கினால் அது எரிச்சலால் வந்த அழற்சி. பிளீச்சில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும், மேல்தோலை உரிக்கப் பூசும் பீலில் உள்ள கிளைக்காலிக் அமிலமும் யாருடைய தோலையும் போதிய நேரம் விட்டால் புண்ணாக்கும். அதற்கு அலர்ஜி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது வகைதான் தொடு ஒவ்வாமை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும், எரிச்சலைவிட அரிப்பு முந்தி நிற்கும், பொடிக் கொப்புளம் இருக்கும், மெல்லிய தோல் உள்ள கண்ணிமைதான் முதலில் வீங்கும். நான்காவது, அரிப்பே அதிகம் இல்லாமல் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வரும் பருக்கள். பிசுக்கான மசாஜ் க்ரீம் துளைகளை அடைப்பதாலும், கரும்புள்ளி எடுக்கிறேன் என்று அழுத்தி நோண்டுவதாலும் வருபவை அவை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை எரிந்தது பிளீச்சின் எரிச்சல். ஞாயிறு எழும்பியது தொடு ஒவ்வாமை. இரண்டும் ஒரே முகத்தில் அடுத்தடுத்து நடக்கக்கூடியவைதான். முதலாவது இரண்டாவதற்குக் கதவைத் திறந்துவிடவும் செய்யும். ஸ்க்ரப் தேய்த்து, ஆவி பிடித்து, பிளீச்சால் மேல்தோலைத் தளர்த்திய பிறகு பூசுவது எதுவாக இருந்தாலும் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போகும். வீட்டில் வருஷக்கணக்காகப் போட்டு ஒன்றும் செய்யாத க்ரீம்கூட அன்றைக்குத் தொந்தரவு செய்யலாம். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: "இதே ஃபேஷியலைப் பத்துத் தடவை செய்திருக்கிறேன், அலர்ஜியாக இருக்க முடியாது" என்பது. தொடு ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடலின் எதிர்ப்புச் செல்கள் ஒரு வேதிப்பொருளைப் பகை என்று கற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து நாளும் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம். கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொரு முறை அந்தப் பொருள் பட்டாலும் அவை திரண்டு வந்து சேர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். சனிக்கிழமை முழுக்க உங்கள் முகம் நன்றாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அழுக்கு வெளியேறுகிறது என்ற பேச்சுக்கு உடலியலில் இடமில்லை. தோலுக்கு அடியில் அப்படித் தேங்கிக் கிடக்கும் அழுக்கு எதுவும் இல்லை. பருவுக்கான ரெட்டினாய்டு, சாலிசிலிக் அமிலம் போன்றவற்றைத் தொடர்ந்து பூசத் தொடங்கும்போது முதல் சில வாரம் பருக்கள் கூடி வருவது உண்மை. அதைத்தான் பர்ஜிங் என்பார்கள். அது பருவாக வரும், வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வரும், அரிக்காது, கண்ணிமையை வீங்க வைக்காது. ஒரே ஒரு ஃபேஷியல் செய்து இரண்டாம் நாளில் வருவதும் அல்ல. பார்லர் அக்கா உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் இன்னொரு சிட்டிங் மட்டும் போகாதீர்கள். நெருப்பில் நெய் ஊற்றுவதற்குச் சமம்.

உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அதே வெள்ளிக்கிழமை தலைக்குக் கலரும் அடித்துக்கொண்டீர்கள் என்று. இந்த வரி முழுப் பழியையும் ஃபேஷியல் மீதிருந்து மாற்றிவிடக்கூடியது. முடிச்சாயத்தில் உள்ள பாராஃபீனிலீன்டயமின், சுருக்கமாகப் பிபிடி, தொடு ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள். அது கண்ணிமையையும் நெற்றியையும் காதையும் வீங்க வைக்கும். சாயம் பட்ட உச்சந்தலை பல சமயம் பெரிதாக ஒன்றும் காட்டாது. அதனால்தான் சாயத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கண்ணாடி முன் நின்று எல்லையைப் பாருங்கள். தடிப்பு நெற்றி முடிக்கோட்டின் ஓரம், காது மடல், காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய இடங்களில் அடர்த்தியாக இருந்தால் சாயத்தை முதலில் சந்தேகியுங்கள். கன்னம், மூக்கு, தாடை என்று பேக் போட்ட இடம் முழுக்கப் பரவி, பேக் நின்ற இடத்தில் கோடு கிழித்தது போல நின்றுவிட்டால் ஃபேஷியல் பொருள்கள். மேலுதட்டிலும் புருவத்தைச் சுற்றியும் மட்டும் இருந்தால் அங்கே என்ன நடந்தது என்று யோசியுங்கள்: வேக்ஸா, த்ரெட்டிங்குக்குப் பிறகு தடவிய ஜெல்லா? வேக்ஸில் சேரும் ரோசின் என்ற பிசின் சிலருக்கு ஆகாது. கண்ணிமையில் மட்டும் இருந்து முகத்தில் வேறெங்கும் இல்லையென்றால் நகப்பூச்சைக்கூட விட்டுவைக்க வேண்டாம். நகத்தில் ஒன்றும் செய்யாமல், விரல் தொட்டுத் தொட்டு இமையில் அரிப்பைக் கொண்டுவரும் பிசின் அதில் உண்டு. உங்கள் நிறத்தையும் கணக்கில் வையுங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சி பளிச்சென்ற சிவப்பாகத் தெரியாது; ஊதா கலந்த பழுப்பாக, சில நேரம் வெறும் கருமையாகத் தெரியும். சிவக்கவில்லையே என்று அதை லேசாக எடுக்கக் கூடாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பும் சூடும் சொல்லிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. முகத்தில் போடும் எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள்: ஃபேஸ் வாஷ், சீரம், டோனர், சன்ஸ்க்ரீன், கண் மை, ஃபவுண்டேஷன், எல்லாம். எது குற்றவாளி என்று தெரியாதவரை ஒவ்வொன்றும் சந்தேகப் பட்டியலில்தான் இருக்கிறது. சாயம் மீதி இருக்கலாம் என்பதால் தலையை மட்டும் ஒருமுறை மென்மையான ஷாம்பு போட்டு நன்றாக அலசுங்கள். முகத்தில் வழியாதபடி தலையைப் பின்னால் சாய்த்து, வேறொருவர் தண்ணீர் ஊற்ற அலசுவது நல்லது. முகத்துக்குச் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் போதும். சோப்பு வேண்டாம், தேய்க்க வேண்டாம், துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு ஈர ஒத்தடம். மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்று கேட்டால் 0.9% உப்பு நீர் பாட்டில் கிடைக்கும். இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முக்கால் டீஸ்பூன் உப்பு கரைத்து ஆறவிடுங்கள். துவைத்துக் காய்ந்த பழைய மல் வேட்டித் துணியையோ காஸையோ நான்காக மடித்து, அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து முகத்தில் பத்து முதல் பதினைந்து நிமிடம் விரியுங்கள். துணி சூடேறியதும் மறுபடி நனைக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ச்சி தருவது அதிலிருந்து ஆவியாகும் தண்ணீர்தான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். நீர் கசியும் இடம் இரண்டு நாளில் வறண்டுவிடும். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். ஏற்கெனவே புண்பட்ட தோலில் அது தனியாக ஒரு காயத்தை உண்டாக்கும்.

ஒத்தடம் எடுத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே, வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிசாகத் தடவுங்கள். அதில் தண்ணீர் இல்லை, அதனால் கெடாமல் காக்கும் பொருள் தேவைப்படாது, ஆகவே ஒவ்வாமை தருவதும் மிக அரிது. நீர் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் மட்டும் அது வேண்டாம். கசிவு நிற்கும்வரை ஒத்தடத்தோடு விடுங்கள். இரவில் தலையணையை இரண்டாக்கி உயர்த்திப் படுத்தால் காலையில் இமை வீக்கம் குறைவாக இருக்கும். தலையணை உறையை மாற்றுங்கள், அதில் சாயமும் க்ரீமும் ஒட்டியிருக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள், தூக்கத்தில் சொறிவதை யாராலும் தடுக்க முடியாது.

மஞ்சளும் சந்தனமும் பூசச் சொல்லும் அம்மாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. நல்ல தோலில் அவை பலருக்கும் ஒத்துப்போகின்றன என்பதும் சரி. ஆனால் மேல்தோல் உடைந்திருக்கும் நேரத்தில் புதிதாக எதைப் பூசினாலும் அது எதிர்ப்புச் செல்களுக்கு அறிமுகமாகிவிடுகிறது. மஞ்சளுக்கே தொடு ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. மருத்துவ ஏடுகளில் அது பதிவாகியிருக்கிறது. எலுமிச்சையை முகத்தில் தேய்த்து வெயிலில் போனால் இரண்டு மூன்று நாளில் கொப்புளமும் பல மாதம் நிற்கும் பழுப்புக் கறையும் வரலாம். கற்றாழையைத் தோட்டத்திலிருந்து வெட்டிப் பூசும்போது தோலுக்கு அடியிலிருந்து வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரக்கூடியது. தயிர், முல்தானி மிட்டி, பற்பசை எதுவும் இப்போது வேண்டாம். வீட்டில் கட்டாயம் இருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெட்டுக்காயத்துக்குப் போடும் சோஃப்ராமைசின், நியோஸ்போரின் வகைகள். அவற்றில் இருக்கும் ஃப்ரமைசெட்டினும் நியோமைசினும் ஒரே குடும்பம், இரண்டுமே தொடு ஒவ்வாமை தருவதில் முன்வரிசையில் நிற்பவை. புண்ணுக்கு மருந்து போடப்போய் அந்த மருந்தாலேயே புண் பெரிதாவது அப்படித்தான்.

கடைக்காரர் கொடுத்த ட்யூபுக்கு வருகிறேன். பெயரை நீங்கள் எழுதவில்லை. அதனால் ட்யூபின் பின்பக்கம் உள்ள பொருள்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹாலோபெட்டசால் என்று எதையாவது பார்த்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருந்தால் அது எல்லா நோய்க்கும் ஒன்றாக விற்கப்படும் கலவை. ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாய்னும் சேர்ந்திருந்தால் மங்குக்கான க்ரீம். அது இப்போது உங்கள் முகத்தை மேலும் எரிக்கும். இவை எதுவும் மருத்துவர் பார்க்காமல் முகத்துக்குப் போகக் கூடாது. ஆபத்து என்னவென்றால், இவை வேலை செய்யும். இரண்டே நாளில் முகம் பளபளப்பாகும். அதனால்தான் நிறுத்த மனம் வராது. மூன்று நான்கு வாரம் தொடர்ந்தால் தோல் மெலிந்து, நுண் ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, க்ரீமை நிறுத்திய மறுநாள் முகம் தீயாக எரியும் நிலை வரும். ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று இதற்குத் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுமருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

அப்படியானால் ஸ்டீராய்டே கூடாதா? அப்படியும் இல்லை. தொடு ஒவ்வாமையை அடக்கும் மருந்து ஸ்டீராய்டுதான். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க ஓரிரு நாள் ஆகும் என்றால், வேறு எதுவும் கலக்காத ஹைட்ரோகார்டிசோன் 1% மட்டும் காலையும் இரவும், கன்னம் நெற்றி தாடையில், அதிகம் போனால் ஐந்து நாள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். முகம் கழுத்து முழுவதுக்கும் சேர்த்து இரண்டரை விரல்நுனி போதும், தடிப்பு உள்ள இடத்துக்கு மட்டும் என்றால் அதிலும் குறைவு. கண்ணிமையில் நீங்களாகப் போடாதீர்கள். அங்கே தோல் காகிதம் மாதிரி. மருந்து கண்ணுக்குள் இறங்கினால் கண் அழுத்தம் கூடும், நாள்பட்டால் புரையும் வரும். இமைக்கு மருத்துவர் பெரும்பாலும் மிக மென்மையான ஒன்றை இரண்டு மூன்று நாளுக்குத் தருவார், அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் தருவார். அது முதல் சில நாள் எரியும், அந்த எரிச்சலைப் பார்த்து அதுவும் அலர்ஜி என்று பயந்துவிட வேண்டாம்.

மாத்திரை பற்றி. செட்டிரிசின் 10 மில்லிகிராம் இரவில் ஒன்று, பெரியவர்களுக்கு, பொதுவாகப் பாதுகாப்பானது. கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. ஆனால் அதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உடனடி ஒவ்வாமையில் வரும் தடிப்புக்குக் காரணம் ஹிஸ்டமின், அதை இது நேராகத் தடுக்கும். உங்களுடையதாகத் தெரியும் தாமத ஒவ்வாமையில் வேலை செய்வது வேறு செல்கள். மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணித்துத் தூங்க வைக்கும், அழற்சியைக் குறைக்காது. கண்ணே திறக்க முடியாத அளவு வீங்கினால் மருத்துவர் சில நேரம் பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதுவார். அதை இரண்டு மூன்று வாரம், படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்வார். நான்காம் நாள் முகம் சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் தடிப்பு பழையபடி திரும்பி வரும், ஏனென்றால் எதிர்ப்புச் செல்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்குள் சரியாகுமா என்றால், உறுதி சொல்ல யாராலும் முடியாது, வழக்கமான போக்கைச் சொல்லலாம். காரணமான பொருளை நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு நாள் தடிப்பு ஏறிவிட்டுத்தான் இறங்கும். திங்கட்கிழமை இன்னும் மோசமாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். வீக்கம் நான்கைந்து நாளில் வடியும். பிறகு தோல் வறண்டு செதில் உரியும், அது இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆக அடுத்த ஞாயிறு வீக்கம் இல்லாத, ஆனால் வறண்ட முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்களோ செவ்வாயோ தோல் மருத்துவரைப் பார்த்தால் அந்தக் கணக்கு கைகூட வாய்ப்பு அதிகம். மேக்கப் போடலாமா என்பது ஒன்றைப் பொறுத்தது: கசிவோ வெடிப்போ இல்லாமல் தோல் மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால், முன்பு போட்டு ஒத்துக்கொண்ட உங்கள் சொந்தப் பொருள்கள் மட்டும், உங்கள் சொந்த பிரஷ்ஷில். மேக்கப் கலைஞர் கொண்டுவரும் புதுப் பிரைமர், பொய் இமைமுடி ஒட்டும் பசை வேண்டாம். அதுவரை த்ரெட்டிங், வேக்ஸ் எதுவும் இல்லை. மெஹந்தி விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். அரைத்த மருதாணி ஆரஞ்சும் பழுப்புமாகத்தான் சிவக்கும், அதற்கு மணிக்கணக்கு ஆகும். சில நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கும் கறுப்பு மெஹந்தி கோனில் பெரும்பாலும் அதே பிபிடிதான். உங்கள் முகத்தை வீங்க வைத்தது முடிச்சாயமாக இருந்தால், கையில் கோலம் போட்ட அச்சிலேயே கொப்புளம் எழும்பும்.

அழற்சி அடங்கிய இடத்தில் கரும்புள்ளி விழுந்தால் அது தழும்பு அல்ல. நம் நிறத்தில் அழற்சிக்குப் பிறகு நிறமி கூடுவது இயல்பு, மூன்று முதல் ஆறு மாதத்தில், சில நேரம் அதற்கும் மேல் எடுத்து மங்கும். அதை வேகப்படுத்த இன்னொரு பிளீச் செய்வதுதான் இதில் நடக்கக்கூடிய பெரிய தவறு. எரிச்சல் நின்றதும் ஜிங்க் ஆக்சைடு அடிப்படையிலான, வாசனை சேர்க்காத சன்ஸ்க்ரீனும் வெயிலுக்குக் குடையும் போதும். ஒரு மாதம் கழித்தும் அடர்த்தியாக இருந்தால் மருத்துவர் தருவதைப் பூசலாம்.

எதனால் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க நீங்கள் செய்ய வேண்டிய வேலை இன்றே இருக்கிறது. பார்லருக்கு ஃபோன் செய்து, சண்டை பிடிக்காமல், அன்று பயன்படுத்திய ஒவ்வொரு பொருளின் அட்டைப்பெட்டியையும் பாட்டிலின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: க்ளென்சர், ஸ்க்ரப், பிளீச் க்ரீம், அதன் ஆக்டிவேட்டர் பவுடர், மசாஜ் க்ரீம், ஜெல், பேக், டோனர், கடைசியில் தடவிய சீரம், முடிச்சாயம். பழம் என்று பெயர் இருந்தாலும் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வாசனைப் பொருளும் கெடாமல் காக்கும் பொருளும்தான், தொடு ஒவ்வாமைக்கு முன்னணிக் காரணங்களும் அவையே. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற காப்புப் பொருளைக் கழுவாமல் விடும் க்ரீம்களில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது, அவ்வளவு பேருக்கு ஒவ்வாமை தந்தது. டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா போன்ற, ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் காப்புப் பொருள்களும் சந்தேகத்துக்குரியவை. எல்லோரும் பயப்படும் பாரபென் என்ற காப்புப் பொருள் உண்மையில் அவற்றைவிட மிகக் குறைவாகவே ஒவ்வாமை தருகிறது. பெயரில்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினார்கள் என்றால் அந்த டப்பாவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கே வாங்கியது என்றும் கேளுங்கள்.

முகம் முழுக்க ஆறி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். பார்லரில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதை நான் சொல்லவில்லை. தோல் மருத்துவர் முதுகில் சிறு சிறு வில்லைகளில் வேதிப்பொருள்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடியும் பார்ப்பார். இந்தியாவில் அதிகம் ஒவ்வாமை தரும் பொருள்களை வைத்து இந்தியன் ஸ்டாண்டர்டு சீரிஸ் என்று ஒரு தொகுப்பே இருக்கிறது; வாசனைக் கலவை, பிபிடி, நியோமைசின் எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்து மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் செய்கிறார்களா என்று கேளுங்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, அதனால் சித்திரை வெயிலில் வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் முடிவு மறைந்துவிடும், செட்டிரிசின் பெரிதாகத் தடுக்காது. ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் விலை உயர்ந்த அலர்ஜி பேனல் இதற்கு உதவாது. அது உணவு, தூசி போன்ற உடனடி ஒவ்வாமைக்கானது.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது, அதன் எல்லையோடு. கழுவாமல் விடும் க்ரீம், சீரம் போன்றவற்றை முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், காலையும் மாலையும், ஏழு நாள் தடவுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பொருள்தான். அரிப்போ தடிப்போ வந்தால் அன்றே நிறுத்தி, அந்தப் பொருளைத் தூக்கி எறியுங்கள். ஏழு நாளும் ஒன்றும் வராவிட்டால் முகத்தில் போட ஓரளவு நம்பலாம். முழுவதும் நம்ப முடியாது, கை வேறு, இமை வேறு. பிளீச், பீல், ஸ்க்ரப், ஷாம்பு இவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது, அவை நல்ல தோலையும் புண்ணாக்கும். முடிச்சாயத்தை இனி வீட்டுச் சோதனைக்கே எடுக்காதீர்கள், பேட்ச் டெஸ்ட் முடிவு வரும்வரை அதைத் தொட வேண்டாம். அமோனியா இல்லாதது, ஹெர்பல் என்று எழுதியிருக்கும் சாயத்திலும் பிபிடி இருக்கலாம். அதே போல அன்சென்டட் என்று எழுதியிருப்பதில் வாசனையை மறைக்க வேறொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ என்று இருப்பதைத் தேடுங்கள்.

இனி வாழ்நாளில் ஃபேஷியலே கூடாதா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். காரணப் பொருள் தெரிந்து அதை மட்டும் தவிர்த்தால் செய்துகொள்ளலாம். தொடு ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். பத்து வருஷம் கழித்தும் அதே பொருள் பட்டால் வரும், அடுத்த முறை சீக்கிரமாகவும் வேகமாகவும் வரும். ஆகவே பேட்ச் டெஸ்டில் வந்த பெயர்களை எழுதி ஃபோனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பார்லரில், பல் மருத்துவரிடம், மருந்துக்கடையில் காட்டுங்கள். பிபிடி என்று வந்தால் பல் மருத்துவருக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈறு மரக்கத் தடவும் பென்சோகைன் ஜெல் சிலருக்கு அதோடு சேர்ந்து ஒவ்வாமை தரும். பிளீச்சையும் ஃபேஷியலையும் சாயத்தையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். அப்போதுதான் ஏதாவது வந்தால் எது என்று தெரியும். விசேஷத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் முயல வேண்டாம். ட்யூபின் பெயரும், கண்ணாடியில் பார்த்த எல்லைகளும் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்க்கலாம். பார்லருக்கு மட்டும் இன்றே ஃபோன் செய்துவிடுங்கள், காலி டப்பாக்கள் குப்பைக்குப் போய்விடும்.